டில்லியிலிருந்து போய் ஸ்கேட் செய்ய உறைந்த ஏரி எங்கே இருக்கிறது?

முனிர்க்கா முரளி | டிசம்பர் 2, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு 14 வயது. ஆறு வயதிலிருந்து இன்லைன் ஸ்கேட் (ஒரே வரிசையில் சக்கரம் வைத்தது) போடுகிறாள். ஒரு மாலில் இருக்கும் ஐஸ் ரிங்குக்கும் நாலைந்து தடவை கூட்டிப்போனேன். ஐஸ் பழகிவிட்டது. ஆனால் மணிக்கணக்கில் காசு, சுற்றிச் சுற்றி அதே வட்டம், காதைப் பிளக்கும் பஞ்சாபிப் பாட்டு. இப்போது அவளுக்கு நிஜமான ஏரி வேண்டுமாம். கூரை இல்லாமல், சுவர் இல்லாமல், நேராகப் போய்க்கொண்டே இருக்க வேண்டுமாம்.

போன ஜனவரியில் ஒரு முயற்சி செய்து மூக்குடைபட்டேன். ஹிமாச்சலில், மணாலியிலிருந்து அடல் சுரங்கப்பாதை தாண்டி, லாஹௌலில் சிஸ்ஸு என்ற ஊரில் ஒரு ஏரி இருக்கிறதே, அதைப் பற்றி ஒரு டாக்ஸிக்காரரிடம் போனில் கேட்டேன். "ஜீல் மே பர்ஃப் ஹை க்யா?" "ஹாஞ்ஜி, பூரா பர்ஃப் ஹை, ஆ ஜாயியே." (ஏரியில் பர்ஃப் இருக்கிறதா என்றேன், ஆமாம், முழுக்க பர்ஃப்தான், வாருங்கள் என்றார்.) போனோம். அவர் பொய் சொல்லவில்லை. ஏரி எது, கரை எது, வயல் எது என்றே தெரியாத அளவுக்கு முழங்கால் ஆழப் பனி. ஸ்கேட் பையின் ஜிப்பைக்கூடத் திறக்கவில்லை. மேகி தின்றுவிட்டுத் திரும்பினோம்.

இந்தத் தடவை விவரம் தெரிந்துகொண்டு போக நினைக்கிறேன். இயற்கையாக உறைந்த ஏரியில் யாராவது ஸ்கேட் செய்திருக்கிறீர்களா? எங்கே, எந்த மாதம்?

ஓக்லா ஓட்டைவாய் | டிசம்பர் 2, இரவு 9.52

எதற்கு அவ்வளவு தூரம்? காளிந்தி குஞ்ச் பக்கம் வாருங்கள். யமுனை முழுக்க வெள்ளை வெளேர் என்று மிதக்கிறது. நுரைதான், ஆனாலும் போட்டோவில் தெரியாது.

கரோல்பாக் தாத்தா | டிசம்பர் 3, காலை 6.15

முரளி, ஏரிதான் வேண்டும் என்று பிடிவாதம் இல்லையென்றால் சிம்லாவை யோசியுங்கள். 1974இல் என்னை அங்கே இரண்டு வருஷத்துக்கு மாற்றலில் போட்டார்கள். லக்கட் பஜார் பக்கம் இறங்கினால் திறந்தவெளி ரிங்க். டென்னிஸ் மைதானமாக இருந்த இடத்தை 1920இல் பிளெஸ்ஸிங்டன் என்ற வெள்ளைக்காரர் ஸ்கேட்டிங் ரிங்காக மாற்றினார் என்பார்கள். வெளியே வைத்த தண்ணீர் இரவில் உறைந்திருப்பதைப் பார்த்து அவருக்கு யோசனை வந்ததாம். மெஷின் எதுவும் கிடையாது. சாயங்காலம் குழாய் போட்டுத் தரையில் மெல்லிசாகத் தண்ணீர் விடுவார்கள். மலை மறைப்பதால் வெயில் அதிகம் விழாது. வானம் தெளிவாக இருந்தால் விடியற்காலையில் கண்ணாடி மாதிரி ஐஸ்.

நான் மாயவரத்துக்காரன். அதற்கு முன் ஐஸைப் பார்த்தது கரும்புச் சாற்றில்தான். முதல் நாள் பதினோரு தடவை விழுந்தேன். ஒரு சர்தார்ஜிப் பையன் ஒவ்வொரு தடவையும் சத்தமாக எண்ணினான், அதனால் கணக்கு சரியாகத் தெரியும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். மேகம் மூடினால் ஐஸ் கிடையாது, மழை பெய்தால் போச்சு. அப்போதெல்லாம் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஓடும். இப்போது சீசன் ரொம்பச் சுருங்கிவிட்டது என்கிறார்கள். சுற்றிலும் கட்டடம், வண்டிப் புகை, மரம் போயிற்று. கிளம்புவதற்கு முதல் நாள் போன் செய்து "நாளைக் காலை செஷன் உண்டா" என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

எய்ண்ட்ஹோவன் ரிட்டர்ன் | டிசம்பர் 3, காலை 11.30

முரளி சாருக்கு நடந்தது ஏரித் தகராறு அல்ல, வார்த்தைத் தகராறு. ஹிந்தியில் வானத்திலிருந்து விழுவதும் பர்ஃப், தண்ணீர் இறுகினாலும் பர்ஃப். நம் நிலைமை இன்னும் மோசம். மார்கழி மாதம் புல்லில் இருப்பதும் பனி, டில்லியில் விமானத்தை நிறுத்துவதும் பனி, மணாலியில் பொம்மை செய்வதும் பனி. நான் இங்கே விழுவதைப் பனி என்றும், தண்ணீர் இறுகியதை ஐஸ் என்றும் எழுதுகிறேன், குழப்பம் வேண்டாம்.

ஸ்கேட் செய்கிறவனுக்குப் பனிதான் முதல் எதிரி. ஐஸ் மேல் பனி விழுந்தால் கம்பளி போர்த்திய மாதிரி. கீழே ஐஸ் வளர்வது மந்தமாகும். பனியின் கனத்தில் ஐஸ் அமுங்கி, விரிசல் வழியாகத் தண்ணீர் மேலே வந்து, பனியோடு சேர்ந்து வெள்ளையாக, சொரசொரவென்று உறையும். இந்த வெள்ளை ஐஸுக்குத் தெளிந்த ஐஸின் வலுவில் பாதிதான். அடியில் இருக்கும் கறுப்புத் தண்ணீர் தெரியும் அளவுக்குத் தெளிந்த ஐஸ் என்றால் ஒரு ஆள் நிற்க 10 செ.மீ. வேண்டும், வெள்ளை என்றால் 20. ஆகவே நீங்கள் தேட வேண்டியது குளிர் அதிகமாகவும் பனி குறைவாகவும் இருக்கும் ஊர். லாஹௌலில் குளிர் உண்டு, பனியும் கொட்டும். லடாக் மழை மறைவுப் பிரதேசம், குளிரும் பாலைவனம். அங்கே போங்கள்.

தடிமனை வீட்டிலிருந்தே தோராயமாகக் கணக்குப் போடலாம். ஏரி மேலே மூடிய நாளிலிருந்து, ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பமும் பூஜ்யத்துக்கு எத்தனை டிகிரி கீழே என்று கூட்டிக்கொண்டே வாருங்கள். மொத்தத்துக்கு வர்க்கமூலம் எடுங்கள். பனி மூடிய ஏரிக்கு அதை 1.7 முதல் 2.4 வரை ஏதாவது ஒன்றால் பெருக்க வேண்டும், காற்று பனியைத் துடைத்துவிடும் ஏரிக்கு 2.7. கிடைப்பது செ.மீ. சராசரி மைனஸ் 8 என்று 20 நாள் போனால் 160. மூலம் 12.6. இரண்டால் பெருக்கினால் 25 செ.மீ. இது போகலாமா என்று தீர்மானிக்க மட்டும். ஐஸ் மேல் கால் வைக்க இந்தக் கணக்கு உதவாது. அங்கே துளை போட்டு அளப்பது ஒன்றுதான் வழி.

முனிர்க்கா முரளி | டிசம்பர் 3, மதியம் 1.05

சார், இந்தப் பதிலை அச்செடுத்து ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டிவிட்டேன். அப்படியென்றால் லடாக்கின் பாங்காங் ஏரி? படங்களில் கண்ணாடி மாதிரி இருக்கிறது. இல்லை, தால் ஏரி? ஸ்ரீநகருக்கு டிக்கெட்டும் சல்லிசு.

லாஜ்பத் நகர் லோகு | டிசம்பர் 3, மதியம் 2.20

தால் ஏரியே போதும். என் சித்தப்பா அந்தக் காலத்தில் அதன் மேல் நடந்திருக்கிறார். ஒன்றும் ஆகவில்லை.

சிக்னல்ஸ் சுந்தரம் | டிசம்பர் 3, மாலை 7.45

லோகு, உங்கள் சித்தப்பாவுக்கு ஆயுசு கெட்டி. அதை வைத்து அடுத்தவர் குழந்தைக்கு வழி சொல்லாதீர்கள். நான் 22 வருஷம் ராணுவத்தில் இருந்தவன், அதில் ஐந்து குளிர்காலம் லடாக்கில்.

தால் ஏரி பெரும்பாலும் ஓரங்களில்தான் உறையும். 2021 ஜனவரியில் ஸ்ரீநகர் மைனஸ் 8க்கும் கீழே இறங்கி, முப்பது வருஷத்தில் காணாத குளிர் என்றார்கள். ஏரி உறைந்தது, ஜனங்கள் கிரிக்கெட் விளையாட இறங்கினார்கள், நிர்வாகம் ஆள் போட்டுத் துரத்தியது. துரத்தியது சரிதான். படகு போன தடம், ஹவுஸ்போட்டிலிருந்து விழும் வெந்நீர், அடியில் ஊற்று, செடி. இங்கே ஒரு சாண், அங்கே ஒரு விரல் என்று இருக்கும். 

பாங்காங் கதை வேறு. 4,200 மீட்டருக்கு மேலே, 130 கி.மீ.க்கும் அதிக நீளம், உவர் தண்ணீர், ஆனாலும் நடுக்குளிரில் இறுகிவிடும். 2023 பிப்ரவரியில் லுகுங்கிலிருந்து மான் கிராமம் வரை 21 கி.மீ. ஓட்டப் பந்தயமே அதன் மேல் நடந்தது. ஆனால் பந்தயம் நடத்துகிறவர்கள் தடம் பார்த்து, அளந்து, வழி நெடுக ஆள் நிறுத்தித்தான் ஓடவிடுகிறார்கள். நீங்கள் மகளோடு தனியாக இறங்கினால் கேட்க நாதி கிடையாது. காற்று அடித்தால் முகத்துத் தோல் உரியும். அந்த உயரத்தில் மூச்சு வாங்குவதே வேலை.

நான் சொல்வது இதுதான்: ஏரியைத் தேடாதீர்கள், குட்டையைத் தேடுங்கள். லே ஊருக்குள்ளேயே போதும். குபுக்ஸ் குளம் என்று ஒன்று. கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் அங்கேயும் நடந்திருக்கின்றன. கர்ஸூ குளமும் உண்டு. ஆழம் கம்மி, சீக்கிரம் இறுகும். எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே தினம் விளையாடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பனி விழுந்தால் தள்ளுகிறார்கள், ராத்திரி தண்ணீர் விட்டு மழமழப்பாக்குகிறார்கள். ஐஸ் எங்கே மெல்லிசு என்று அவர்களுக்குத் தெரியும். ஹாக்கி அந்த ஊரில் ராணுவத்துக்காரரோடு சேர்ந்து வளர்ந்த ஆட்டம். எங்கள் ஆட்கள் பழைய பூட்ஸில் இரும்புப் பட்டை அடித்து ஆடியதாகச் சீனியர்கள் சொல்வார்கள். இன்று நம் பெண்கள் ஹாக்கி அணியில் பெரும்பாலும் லடாக் பெண்கள். 2025இல் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கினார்கள். உங்கள் மகள் அங்கே போய் யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்று யோசித்துப் பாருங்கள்.

எய்ண்ட்ஹோவன் ரிட்டர்ன் | டிசம்பர் 3, இரவு 8.30

சுந்தரம் அண்ணா சொல்லும் குட்டைக்கு இயற்பியல் காரணமும் உண்டு. தண்ணீர் 4 டிகிரியில்தான் அதிகக் கனம். மேல் தண்ணீர் ஆறினால் கனத்து கீழே போகும், கீழே இருப்பது மேலே வரும். ஏரி முழுக்க 4 டிகிரிக்கு வந்த பிறகுதான் மேல் பரப்பு உறைய ஆரம்பிக்கும். ஆழமான ஏரி இதற்கே வாரக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். முழங்கால் ஆழக் குட்டைக்கு இரண்டு மூன்று நல்ல ராத்திரி போதும். தவறி உடைந்தாலும் முழங்கால்தான் நனையும்.

ஹாலந்தில் இதை ஒரு பைத்தியமாகவே வளர்த்திருக்கிறார்கள். ஃப்ரீஸ்லாந்தில் பதினோரு ஊர்களைக் கால்வாய் வழியாகச் சுற்றி வரும் 200 கி.மீ. ஸ்கேட்டிங் பந்தயம் ஒன்று உண்டு. தடம் முழுக்க 15 செ.மீ. ஐஸ் இருந்தால்தான் நடத்துவார்கள். 1909இல் தொடங்கி இதுவரை 15 தடவைதான் நடந்திருக்கிறது, கடைசியாக 1997 ஜனவரியில். நான் அங்கே இருந்த ஒன்பது வருஷமும் என் ஆபீஸ்காரர்கள் குளிர் வந்தாலே வானிலை வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வரவே இல்லை. பாவம், சிலர் ஆஸ்திரியாவில் வைஸன்ஸே என்ற ஏரிக்குப் போய் அந்த 200 கி.மீ.யை முடித்துவிட்டு வருகிறார்கள்.

ஆனால் இன்னொன்றும் செய்கிறார்கள். இன்லைன் ஸ்கேட் ஓடும் தார்ப்பாதையில் மெல்லிசாகத் தண்ணீர் தெளித்துத் தெளித்து 3 செ.மீ. ஐஸ் கட்டிவிட்டு, "இந்த வருஷத்தின் முதல் இயற்கை ஐஸ் மாரத்தான் எங்கள் ஊரில்தான்" என்று ஊருக்கு ஊர் போட்டி. கீழே தரை, முழுகும் பயமே இல்லை. தாத்தா சொன்ன சிம்லா ரிங்கும் அதே வித்தைதான்.

திருவல்லிக்கேணி திவாகர் | டிசம்பர் 4, காலை 7.10

தலைப்புக்குச் சற்று வெளியே, மாடரேட்டர் மன்னிக்கவும். உறைந்த ஏரியைத் தேடி நாம் போவது இருக்கட்டும், உறைந்த ஏரி நம்மைத் தேடி மெரினாவுக்கே வந்திருக்கிறது. இன்றைக்கு விவேகானந்தர் இல்லம் என்கிறோமே, அதை எங்கள் பேட்டையில் இன்னமும் ஐஸ் ஹவுஸ் என்றுதான் சொல்வோம். 1842இல் ஃப்ரெடெரிக் டியூடர் என்ற அமெரிக்க வியாபாரிக்காகக் கட்டியது. மாசசூசெட்ஸ் குளங்களில் குளிர்காலத்தில் குதிரை பூட்டிய கலப்பை மாதிரி ஒன்றால் ஐஸைக் கோடு கிழித்து, பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து கப்பலில் ஏற்றுவார்கள். நாலு மாதப் பயணம், பூமத்திய ரேகையை இரண்டு தடவை தாண்ட வேண்டும். 1833இல் கல்கத்தாவுக்குப் போன முதல் கப்பலில் 180 டன் ஏற்றி, 100 டன் போய்ச் சேர்ந்தது என்றால் பாருங்கள்.

அதற்கும் முன்னால் நம் ஊரிலேயே ஐஸ் செய்திருக்கிறார்கள். அலகாபாத்தில் செய்யும் முறையை 1775இல் ராபர்ட் பார்க்கர் என்பவர் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதியிருக்கிறார். ஆழமில்லாத குழி வெட்டி, காய்ந்த கரும்புச் சோகை பரப்பி, அதன் மேல் பூச்சில்லாத சின்னச் சின்ன மண்தட்டுகளில் காய்ச்சி ஆறிய தண்ணீரை ஊற்றி வைப்பார்கள். தெளிந்த இரவில் வெப்பம் வானத்துக்குப் போய்விடும். காற்று பூஜ்யத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தாலும் தட்டில் ஐஸ் படியும். சூரியன் வருவதற்குள் பொறுக்கி எடுக்க வேண்டும்.

மாடரேட்டர் | டிசம்பர் 4, காலை 9.00

மன்னித்தோம். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐஸ் ஹவுஸிலிருந்து ஐஸ்கிரீமுக்கு, அங்கிருந்து அரசியலுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மயூர் விஹார் மீனா | டிசம்பர் 4, மதியம் 12.40

முரளி அண்ணா, ஸ்கேட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. வாடகைக்குக் கிடைப்பதை நம்பாதீர்கள், பெரிய சைஸ் கிடைத்தால் கணுக்கால் ஆடும். சொந்தமாக வாங்குங்கள். நான் ஆன்லைனில் ஒரு ஜோடி வாங்கி ஏமாந்தேன். பெட்டியிலிருந்து எடுத்த பிளேடு மொண்ணை, வெண்ணெயைக்கூட வெட்டாது. புது ஸ்கேட்டையும் கூர் வைத்த பிறகுதான் போட வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

ஐஸ் பிளேடின் அடி தட்டையாக இருக்காது. நீளவாட்டில் நடுவே ஒரு பள்ளம் ஓடும், இரண்டு பக்கமும் இரண்டு விளிம்பு. அந்த விளிம்புதான் ஐஸைப் பிடிக்கிறது. கூர் வைக்கத் தனி மெஷின் உண்டு. ரிங்கில் கேட்டால் செய்து தருவார்கள். கண்டவரிடம் கொடுக்காதீர்கள்.

பாப்பாவுக்கு ஹெல்மெட், முழங்கால் பட்டை கட்டாயம். இன்லைனில் பிரேக் குதிகாலில் இருக்கும், ஐஸில் அது கிடையாது. பக்கவாட்டில் திருப்பி நிற்கப் பழகாமல் குளத்தில் விடாதீர்கள்.

சிக்னல்ஸ் சுந்தரம் | டிசம்பர் 4, மாலை 6.20

உள்ளே விழுந்தால் என்ன செய்வது என்பதையும் எழுதிவிடுகிறேன். தேவைப்படாது என்று வைத்துக்கொள்வோம், ஆனால் மகளுக்கும் படித்துக் காட்டுங்கள்.

முதல் ஒரு நிமிஷம் மூச்சு கன்னாபின்னாவென்று இழுக்கும். அது குளிரின் அதிர்ச்சி, அடங்கிவிடும், அதுவரை மிதந்தால் போதும். அப்புறம் கைகால் சொன்னபடி கேட்பது பத்து நிமிஷம். அதற்குள் வெளியே வர வேண்டும். நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். எனவே பதற வேண்டாம். வந்த திசைக்கே திரும்புங்கள், ஏனென்றால் அந்த ஐஸ்தான் உங்களைத் தாங்கியது. கால்களை நீச்சல் போல உதைத்து, வயிறு ஐஸ் மேல் வரும்படி வழுக்கி ஏறுங்கள். ஏறியதும் எழுந்து நிற்காதீர்கள், உருண்டே கரைப் பக்கம் வாருங்கள். கழுத்தில் கயிறு கட்டி இரண்டு ஆணிமுனைக் கைப்பிடி தொங்கவிட்டால் ஐஸில் குத்தி ஏற உதவும். காப்பாற்றப் போகிறவர் ஓடி வரக்கூடாது, படுத்துக்கொண்டு கயிறு வீச வேண்டும்.

தண்ணீர் உள்ளே வரும் வாய், வெளியே போகும் மதகு, நாணல், நீட்டிக்கொண்டிருக்கும் பாறை, பாலத்தின் அடி, இங்கெல்லாம் நடுக்குளிரிலும் மெல்லிசாக இருக்கும். பிப்ரவரிக் கடைசிக்கு மேல் தடிமனைப் பார்த்து ஏமாறாதீர்கள். வெயில் பட்ட ஐஸ் உள்ளே உளுத்துவிடும்.

லாஜ்பத் நகர் லோகு | டிசம்பர் 4, இரவு 10.15

சரி, சரி, தால் ஏரியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. உலகமே சூடாகி, ஐஸ் கரைகிறது என்று அழுகிறோம். அதே ஐஸைத் தேடி விமானத்தில் பறப்பது வேடிக்கையாக இல்லையா? டேராடூனில் மூடிய ரிங்க் இருக்கிறதே. 2011இல் தெற்காசியப் போட்டிக்குக் கட்டி, பல வருஷம் பூட்டிக்கிடந்து, 2025இல் மறுபடி திறந்தார்கள். பஸ்ஸிலேயே போகலாம்.

முனிர்க்கா முரளி | டிசம்பர் 5, இரவு 11.02

நியாயமான கேள்வி லோகு. பதில் என்னிடம் இல்லை. டேராடூனை மகளிடம் சொன்னேன், "அப்பா, அதுவும் வட்டம்தானே" என்றாள்.

நேற்று ராத்திரி திவாகர் சார் சொன்னபடி மொட்டைமாடியில் வைக்கோல் பரப்பி, தாம்பாளத்தில் தண்ணீர் வைத்தாள். காலையில் தண்ணீர்தான் இருந்தது, மேலே கரித்தூள். புகைமூட்டம் வானத்தை மூடிவிட்டதே, வெப்பம் எங்கே போகும்?

முனிர்க்கா முரளி | பிப்ரவரி 9, இரவு 8.15

போய்விட்டு வந்தோம். லேதான். விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம், ஆனால் இறங்கியது 3,500 மீட்டரில். சுந்தரம் அண்ணா மிரட்டியபடி இரண்டு நாள் அறையை விட்டு அதிகம் நகரவில்லை. எனக்கு முதல் ராத்திரி தலைவலி, அவளுக்கு ஒன்றும் இல்லை. குழாயில் தண்ணீர் வராது, வாளியில்தான் கொண்டுவந்து தருகிறார்கள். டில்லியில் தண்ணீர் வராதபோது நான் போட்ட சத்தமெல்லாம் ஞாபகம் வந்தது.

மூன்றாம் நாள் காலை குளத்துக்குப் போனோம். மைனஸ் 14. மூக்கு மயிர் விறைத்தது. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் ஹாக்கி ஆடிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கரையில் நின்று தயங்குவதைப் பார்த்து ஒரு பையன் வந்தான். இந்தத் தடவை நான் பர்ஃப் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை, "கித்னா மோட்டா?" (எவ்வளவு தடிமன்?) என்று மட்டும் கேட்டேன். கடப்பாரையால் ஓரமாகத் துளை போட்டுக் காட்டினான். டேப் வைத்து அளந்தோம், 31 செ.மீ. எய்ண்ட்ஹோவன் சார், கணக்குப்படி எனக்கு வந்தது 34. ஒரு மூலையில் வரிசையாகக் கல் வைத்திருந்தார்கள். அதற்கு அந்தப் பக்கம் தண்ணீர் வரும் வாய், போகாதே என்று அர்த்தம். கூகுள் மேப்பில் இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

அவள் போனாள். நேராகப் போனாள். குளம் ஒன்றும் பாங்காங் இல்லை, ஆனாலும் வட்டம் போட வேண்டிய அவசியம் இல்லை. வெயில் ஏறியபோது குளத்துக்குள்ளிருந்து ஒரு சத்தம், யாரோ இரும்புக் கம்பியைச் சுண்டிவிட்ட மாதிரி "பியூவ்" என்று இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஓடியது. நான் அலறிவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். வெயிலில் ஐஸ் விரிகிறதாம். நாலு நாள் போனோம். கடைசி நாள் சாயங்காலம் எல்லோரோடும் சேர்ந்து அவளும் பனி தள்ளினாள், நானும் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினேன். கையுறை வாளியோடு ஒட்டிக்கொண்டது.

ஒரே ஒரு தப்பு. ஸ்கேட்டைத் துடைக்காமல் பையில் போட்டு எடுத்து வந்துவிட்டோம். பிளேடு துருப்பிடித்துவிட்டது. என்ன செய்யலாம்?

மயூர் விஹார் மீனா | பிப்ரவரி 9, இரவு 8.50

பாப்பாவுக்கு என் வாழ்த்து. மேல் துரு என்றால் மெல்லிசு உப்புத்தாளில் பக்கவாட்டில் மட்டும் தேயுங்கள், அடியைத் தொடாதீர்கள். அப்புறம் ரிங்கில் கொடுத்துக் கூர் வைக்கலாம். தெருவில் சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், நடுப் பள்ளத்தைத் தட்டையாக்கிவிடுவார்.

முனிர்க்கா முரளி | பிப்ரவரி 9, இரவு 8.53

நேற்றுத்தான் கொடுத்தேன். ரொம்ப அக்கறையாகத் தேய்த்துக் கொடுத்தார். இரண்டுக்கும் சேர்த்து நாற்பது ரூபாய்.